மாடியில் இருந்த மதாம்மா

2023 ஜூன் 12, திங்கட்கிழமை, காலை பத்து மணி பதினேழு நிமிடம். சாரல். குடை பிடித்தால் வீண், பிடிக்காவிட்டால் சட்டை நனையும் என்கிற அளவுக்குச் சாரல். அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து மதாம்மா இறங்கினார். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பதினேழு நிமிடத் தாமதத்துக்கு அவரே மன்னிப்புக் கேட்டார். என் எழுபத்து நான்கு வயதில், இந்த ஊரில், தாமதத்துக்காக ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. சிக்கலில்லாத ஆள் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். என் கணக்குப் பிழைகளில் அது ஒன்று.

வெள்ளைக்காரப் பெண்களை எங்கள் பக்கத்தில் மதாம்மா என்பார்கள். அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. தெருவில் யார் வாயிலும் அது நுழையவில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை. ஜெர்மனிக்காரர், வயது ஐம்பத்தெட்டு. நர்சு வேலைக்கு ஜெர்மனி போகிற நம் பிள்ளைகளுக்கு அந்த நாட்டுப் பாஷை சொல்லிக்கொடுக்க, நாகர்கோவிலில் ஒரு பயிற்சி நிலையம் அவரை ஓராண்டு விசாவில் வரவழைத்திருந்தது. தங்குவதற்கு எங்கள் மாடியைக் கேட்டார்கள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் தனக்கென்று கட்டிய மாடி அது. கட்டி முடித்த ஆறு வருடத்தில் அவன் அங்கே படுத்தது மொத்தம் இருபத்தொன்பது இரவு. பூட்டிக் கிடப்பதற்குப் பதில் ஆள் இருக்கட்டும் என்று கொடுத்தேன்.

ஆட்டோக்காரர் பெட்டியில் கைவைத்தார்.

"நன்றி. வேண்டாம். நானே" என்றார் மதாம்மா. புத்தகத்தில் படித்த தமிழ்.

நான் கைவைத்தேன். "நன்றி. வேண்டாம். நானே."

என் மனைவி குடையை விரித்து அவர் தலைக்கு மேலே கொண்டுபோனாள். அதற்கும் அதே மூன்று சொல். பெட்டி இரண்டு, படி பத்தொன்பது. ஏழாவது படியில் பெட்டி கைநழுவி, மொசைக் விளிம்பில் நாலு அங்குலம் உடைந்து விழுந்தது. 'ஐயோ' என்றது நான்தான். அவர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அன்று சாயங்காலமே கோட்டாறு கம்போளத்துக்கு நடந்துபோய் ஒரு கிலோ வெள்ளைச் சிமெண்டு வாங்கிவந்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, தானே ஒட்டிப் பூசினார். பூசியது கோணல். இன்றைக்கும் ஏறும்போது என் கால் அந்தப் படியில் தட்டுகிறது.

ஆட்டோக்காரர் போகும்போது சொன்னார்: "சாரே, இவியகிட்ட நமக்கு ஒரு சோலியும் இருக்காது, கேட்டியளா."

சோலி இல்லாமல் இருந்திருந்தால் நிம்மதி. எல்லாவற்றையும் தானே செய்கிற ஒரு மனுஷியை மாடியில் வைத்துக்கொண்டு கீழே இருப்பது, சோலிகளிலேயே பெரிய சோலி.

நான் நில அளவைத் துறையில் முப்பத்துநாலு வருடம் இருந்தவன். வாடகை ஒப்பந்தத்தில் அறைகளின் அளவை என் கையால் எழுதிக் கொடுத்திருந்தேன். படுக்கையறை பதினோரு அடி நாலு அங்குலம். மறுநாள் காலை மாடியில் நாடா இழுபடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மதாம்மா சுவரோடு சுவராகக் குந்தியிருந்து அளந்துகொண்டிருக்கிறார்.

"அளவு நான் எழுதித் தந்தேனே" என்றேன்.

"ஆம். சரியாக இருக்கிறது" என்று தன் நோட்டைக் காட்டினார். 345 சென்டிமீட்டர். சரிதான். ஆனால் முப்பத்துநாலு வருடத்தில் எத்தனையோ பேர் எல்லைக் கல்லைப் பிடுங்கிக்கொண்டு என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார்கள், நான் அளந்த பிறகு என் முன்னாலேயே மறுபடி அளந்தவர் யாருமில்லை.

புதிதாகக் குடிவந்த வீட்டில் முதல்நாள் அடுப்புப் பற்றவைக்க விடக்கூடாது என்பது என் மனைவியின் சட்டம். சோறு, அவியல், மீன்குழம்பு எல்லாம் தட்டில் வைத்து மூடிக் கொண்டுபோனாள். மதாம்மா வாங்கிக்கொண்டார். நாற்பத்தைந்தே நிமிடத்தில் பாத்திரங்கள் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தன, உள்ளே சாக்லேட் ஒரு பாக்கெட்டோடு. மறுநாள் புட்டு போனது, எலுமிச்சம்பழம் நாலு வந்தது. மூன்றாம் நாள் மரச்சீனிக் கிழங்கு போனது, அவரே சுட்ட ரொட்டி ஒன்று வந்தது. கறுத்து, கல்லுமாதிரி இருந்தது. எனக்குச் சொந்தப் பல் பதினொன்று. அதை வைத்துக்கொண்டு முயற்சி செய்யவில்லை.

"ஏட்டி, கடன் தீக்குற மாதிரியில்லா தீக்குறாவ" என்றேன்.

"அவியளுக்க ஊர்ல அதுதான் மரியாதையா இருக்கும். நீங்க உடனே எண்ணத் தொடங்காதிய" என்றாள் மனைவி.

ஆனால் எண்ணத்தான் செய்தேன். முதல் மாதத்தில் என் காதுபட அவர் சொன்ன 'நானே' மட்டும் அறுபத்தொன்று. அதற்குப் பிறகு டைரியில் குறிப்பதை விட்டுவிட்டேன்.

கியாஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆள் மாடிக்கு ஏற்ற ஐம்பது ரூபாய் கேட்பார். மதாம்மா ஐம்பதைக் கொடுத்தார். ஏற்ற விடவில்லை. ஏறக்குறைய முப்பது கிலோ உருளையைக் கட்டிப்பிடித்து, ஒவ்வொரு படியாக வைத்து எடுத்து, மூச்சு வாங்கி, இருபத்திரண்டு நிமிடத்தில் மேலே கொண்டுபோனார். தெருவே வாசலில் வந்து நின்றது. எதிர்வீட்டுக்காரி, கையில் மீன் வெட்டுகிற அரிவாளோடு நின்று, "சாரே, நல்லா இருக்கே! பொம்பள சொமக்கியா, நீங்க வாச்சைப் பாக்குதிய" என்று சத்தமாகக் கேட்டாள். தொடப்போனால் கையைத் தட்டிவிடுவார் என்று தெருவுக்கெல்லாம் விளக்க முடியுமா? அன்று முதல் தெருவில் எனக்கு இரக்கமற்றவன் என்று பெயர்.

பிறகு அந்தக் குழாய். மாடிக் குளியலறையில் குழாய் சொட்டியது. பிளம்பருக்குச் சொல்லியனுப்பினேன். இன்று சாயங்காலம் வருவேன் என்றார். மதாம்மா நாலு மணியிலிருந்து இருட்டும்வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் ஒரு ஸ்பானரும் ரப்பர் வாசரும் வாங்கிவந்து வேலையில் இறங்கிவிட்டார். தண்ணீரை நிறுத்த அவர் திருகிய வால்வு மாடிக்குரியதல்ல, எங்களுக்குரியது. இறுக்கிய இறுக்கில் கைப்பிடி ஒடிந்தது. முப்பத்தொரு மணி நேரம் எங்கள் வீட்டில் தண்ணீர் இல்லை. எதிர்வீட்டுக் கிணற்றில் இருந்து நான் சுமந்தது பதினான்கு குடம். என் வயதில்! பிளம்பர் கடைசியில் வந்தபோது மாடிக் குழாயையும் திருகிப் பார்த்தார்.

"சாரே, இத ஆரு செஞ்சது?"

"மாடியில உள்ள அம்மா."

"சுத்தமான வேலை. இனி பத்து வருஷத்துக்குச் சொட்டாது" என்றார். இதுவரை சொட்டவில்லை. அது இன்னும் எரிச்சல்.

ஒரு தடவை மின்கட்டண விவரம் கேட்க இருவரும் ஒரே ஆட்டோவில் போனோம். எழுபது ரூபாய். நான் கொடுப்பதற்குள், கழுத்தில் மாட்டியிருந்த சின்னப் பர்ஸைத் திறந்து முப்பத்தைந்தை எடுத்து நீட்டிவிட்டார். கோவில் பண்டிகைக்கு என் மனைவி எடுத்துக்கொடுத்த சேலைக்கு விலை கேட்டுக் கேட்டு, சொல்லாததால் கடைக்கே போய் விசாரித்துவந்து, அதே விலையில் அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். மனைவி ஒரு வாரம் அந்தச் சேலையோடு பேசவில்லை.

ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. மனைவி கஞ்சியும் பயறும் எடுத்துக்கொண்டு போனாள். கதவு சங்கிலி போட்டபடி மூன்று அங்குலம் திறந்தது.

"நன்றி. வேண்டாம். நானே சமைப்பேன்."

"நீ ஒண்ணும் சமைக்காண்டாம் பிள்ளே. நிக்கக் கால் வலுவில்ல, சமைக்கப் போறாளாம்!" என்று சொல்லிவிட்டு மனைவி கஞ்சிப் பாத்திரத்தோடு மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாற்பது நிமிடம். கதவு திறக்கவில்லை. பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். சாயங்காலம் அது கழுவித் துடைத்துக் கீழே இருந்தது, உள்ளே இரண்டு ஆப்பிள். கொண்டுவந்து வைத்தது எப்போது என்று நாங்கள் பார்க்கவில்லை. காய்ச்சலோடு, பத்தொன்பது படி இறங்கி, பத்தொன்பது படி ஏறி.

"இதென்ன பிடிவாதம்?" என்று குணமான பிறகு நானே கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னார்: "என் அம்மா பதினோரு வருடம் படுக்கையில். எல்லாம் மற்றவர் கை. அம்மாவுக்கு வெட்கம். நான் பார்த்தேன்." அவ்வளவுதான். பிறகு, நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்: "அங்கே எனக்குத் தூக்கம் இல்லை. இந்த வீட்டில் தூங்குகிறேன். இன்னும் ஒரு வருடம் இருப்பேன். பிறகு இன்னும் ஒன்று."

அதற்குள் மாடி அவர் வீடாகவே ஆகியிருந்தது. திரைச்சீலை தைத்துப் போட்டிருந்தார். தேங்காய் துருவக் கற்றுக்கொண்டிருந்தார், கட்டைவிரலில் இரண்டு தழும்புகளோடு. அந்த ஆண்டு பதினான்கு பெண்பிள்ளைகள் அவரிடம் படித்துத் தேறினார்கள். அடுத்த கூட்டத்துக்கு இருபது பேர் பணம் கட்டிக் காத்திருந்தார்கள். விசாவை நீட்டித்தால் போதும். விண்ணப்பத்தை யார் உதவியும் இல்லாமல் தானே நிரப்பித் தானே அனுப்பினார்.

அடுத்த ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே முக்கால். மதாம்மா வகுப்புக்குப் போயிருந்தார். பைக்கில் ஒருவர் வந்து இறங்கினார். கட்டம்போட்ட சட்டை, கையில் பைல்.

"சாரே, மாடியில வெளிநாட்டு ஆளு யாராவது வாடகைக்கு இருக்காவளா?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாடிக்கு வீட்டு வரி போட்டபோது சொந்த உபயோகம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அப்போது அது உண்மை. மதாம்மா வந்த பிறகு மாற்றி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடு பதினேழு. பதினேழிலும் மாடி உண்டு, ஒன்பதில் வாடகைக்கு ஆள் உண்டு, வரிச்சீட்டில் எல்லாம் சொந்த உபயோகம்தான். பைலோடு யார் வந்து வாடகை என்று கேட்டாலும் இல்லை என்று சொல்வது இந்தத் தெருவில் குழந்தைக்கும் தெரியும்.

"யாரும் இல்ல" என்றேன். "எனக்க மகனுக்க போர்ஷன் அது. அவன் மஸ்கட்டுல. அடைச்சுப் போட்டிருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கொடியில துணி கெடக்கே?"

"எங்களுக்குள்ளது. கீழ காயப்போட இடமில்ல."

கொடியில் தொங்கியது மதாம்மாவின் கால்சட்டை. என் மனைவிக்குப் போட்டால் கழுத்துவரை வரும். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரியிடம் போய்க் கேட்டார். அவளும் ஒரு மாடிக்குச் சொந்தக்காரி. "மாடியில ஆளா? இல்லியே சாரே" என்றாள், கண் இமைக்காமல். வந்தவர் பைலில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். எந்த ஆபீஸ் என்று நான் கேட்கவில்லை. யார் வந்தாலும் அடையாள அட்டை கேட்கிறவன், அன்று கேட்கவில்லை.

மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். "ஏன் அப்பிடிச் சொன்னிய?"

"வரி ஆபீஸ் ஆளு."

"அவரு அப்பிடிச் சொன்னாரா?"

"சொல்லணுமா? கைல பைலு, கண்டாத் தெரியாதா?"

"எல்லாத்தையும் எண்ணுவிய. ஒண்ணு கேக்க மட்டும் மாட்டிய" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மே மாதம் இருபத்தோராம் தேதி மதாம்மா ஒரு கடிதத்தோடு கீழே வந்தார். அதுவரை அவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்ததே கிடையாது. அன்று உட்கார்ந்தார்.

"கடிதம் சொல்கிறது, நான் இங்கே இல்லை" என்றார். "விசாரித்தார்கள். அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை. விசா நீட்டிப்பு இல்லை. பதினெட்டு நாளில் போக வேண்டும்."

கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தேன். "விசாரிக்க வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள் என்று நிலையத்தில் சொன்னார்கள். உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்."

கட்டம்போட்ட சட்டை வந்தது விசாவுக்கு. வரிக்கல்ல. மதாம்மா முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, அளவோடு வரைபடம் போட்டுக் கையெழுத்தும் கொடுத்திருப்பேன். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்தக் கோபத்தின் நிழலில் கொஞ்சநேரம் வசதியாக நின்றேன்.

"நான் வந்து சொல்றேன், நீங்க இங்கதான் இருக்கியன்னு" என்றேன்.

"நன்றி. வேண்டாம். நானே."

வற்புறுத்தியிருக்க வேண்டும். வற்புறுத்தவில்லை. முதுகில் வியர்வை அடங்கியதுதான் எனக்கு நினைவிருக்கிறது. பதினொரு மாதம் என்னை எரிச்சல்படுத்திய அந்தச் சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

விசாரிக்க வந்தவர் வேறு தெருவுக்குப் போயிருப்பார் என்று மதாம்மா நம்பினார். எங்கள் வீட்டுக்கு வரும் வழியைப் படமாக வரைந்தார். வாடகை ரசீது, கியாஸ் ரசீது, அடுப்படியின் போட்டோ எல்லாவற்றையும் அடுக்கி எடுத்துக்கொண்டு மூன்று தடவை அலுவலகத்துக்குப் போனார். புறப்படும்முன் படத்தை என்னிடம் காட்டி, "வடக்கு சரியா?" என்று கேட்டார். சரியாக இருந்தது. சரி என்றேன். மூன்றாம் தடவை, இனி சொந்த நாட்டுக்குப் போய்ப் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பயிற்சி நிலையம் அத்தனை மாதம் காத்திருக்காது, வேறு ஆள் பார்ப்பார்கள் என்பதும் தெரிந்துவிட்டது.

சொல்லிவிடுவதற்காக நாலு தடவை மாடிப்படி ஏறினேன். நாலு தடவையும் கதவைத் தட்டாமல் இறங்கினேன். ஏறியும் இறங்கியும் நூற்றைம்பத்திரண்டு படி.

"நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?" என்றாள் மனைவி. "அவ அந்த ஆபீஸ்காரன நெனச்சு ராத்திரி முழுக்க நடக்கியா. மேல சத்தம் கேக்கு. அவ தூங்கல்ல."

ஜூன் 8, சனிக்கிழமை, விடிகாலை ஐந்து பத்து. மழை இல்லை, காற்று. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு மனைவி வண்டி ஏற்பாடு செய்திருந்தாள். மதாம்மா வேண்டாம் என்றார். "வண்டி நான் விளிச்சது. அவரும் வருவாரு" என்று என்னை முன்சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். மதாம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். மதாம்மா அழவில்லை. பெட்டிகளைத் தானே ஏற்றினார்.

தக்கலை, மார்த்தாண்டம் எல்லாம் தாண்டியும் நான் வாயைத் திறக்கவில்லை. களியக்காவிளையில், கேரள எல்லைக்குச் சற்று முன்னால், வாழைக்குலை ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே நின்று பாதை அடைத்தது. இருபத்தாறு நிமிடம். டிரைவர் இறங்கிப் பார்க்கப் போனார். நான் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னைக்கு அந்த ஆளு சரியான வீட்டுக்குத்தான் வந்தாரு. மாடியில யாரும் இல்லைன்னு சொன்னது நான்."

புரியவில்லையோ என்று, அவர் பேசுகிற மாதிரிச் சொல்லைப் பிரித்துப் பிரித்து மறுபடியும் சொன்னேன்.

"ஏன்?" என்றார்.

"வீட்டு வரி. வாடகைக்கு விட்டால் வரி கூடும்."

"எவ்வளவு?"

"அரையாண்டுக்கு எழுநூற்றிருபது ரூபாய்."

லாரி நகர்ந்தது. விமான நிலையம்வரை ஒரு மணி நாலு நிமிடம். டிரைவரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர் முகம் தெரியாதபடி நான் சற்றுச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

இறங்கியதும் டிரைவர் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். மதாம்மா தடுக்கவில்லை. "மூவாயிரத்து இருநூறு சாரே. பார்க்கிங் எம்பது" என்றார் டிரைவர்.

மதாம்மா தள்ளுவண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பர்ஸ் கழுத்தில் தொங்கியது. அதை அவர் தொடவில்லை. நான் சட்டைப்பையிலிருந்து தாள்களை எடுத்தேன். எண்ணிக்கை ஒரு தடவை தப்பி, முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. அவர் பார்வை என் கையிலேயே இருந்தது. ஐந்நூறு ஆறு, இருநூறு ஒன்று, சில்லறை எண்பது. டிரைவர் கைக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருமுறை தலையசைத்தார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மூவாயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.